இரவில் நான்கு பேர் கட்டும் கூடாரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) பொதுவான இருபது அடிக் கூடாரம், பழைய ஆயாக்கொட்டகையின் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையின்) சுவரோரம் நெடுங்காலம் துருவேறிக் கிடந்தபின், இப்போது மீண்டும் எழுந்து நிற்கிறது. அண்மையில் எங்கள் வரிசையில் ஒரு மூதாட்டி காலமான இரவில், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே, நான்கு பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கட்டி முடித்தார்கள். அந்த நால்வரில் இருவர் அறுபதைக் கடந்தவர்கள். ஒருவர் அதற்குமுன் கூடாரக் குழாயைத் தொட்டே அறியாதவர். பழுதுபார்ப்பு பலித்தது என்று அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று. செய்த வேலையை வரிசைப்படி, அளவுகளோடும் செலவோடும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் பொதுச்சாமான் கிடக்கும் தோட்டத்து மக்கள் மற்ற ஊர்களிலும் இருப்பார்கள். வெட்டு அளவுகளாவது அவர்களுக்குப் பயன்படட்டும்.

கூடாரம் ஏன் கெட்டது என்பதைவிட, அது ஏன் கட்டப்படாமல் போனது என்பதையே முதலில் சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டத்து லயத்து (வரிசை) வீடுகளில் இருந்த காலத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால், பால்வெட்டு முடிந்து வந்த இளைஞர்கள் இருபது முப்பது பேர் வீட்டு முன்னால் இருந்த புல்தரையில் கூடிவிடுவார்கள். நீண்ட குழாய்களைத் தோளில் தூக்கி வந்து, யாரும் சொல்லாமலே கட்டி முடிப்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. அந்த இளைஞர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வார நாளில், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சாவு விழுந்தால், ஊரில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், தொழிற்சாலை ஷிப்டு முடிந்து அப்போதுதான் வீடு திரும்பும் ஓரிருவர். உதவி செய்யும் மனம் இவர்களிடம் கொஞ்சமும் குறையவில்லை. கூடாரந்தான் வேறொரு காலத்துத் தோள்களுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தது.

ஆகவே, கருவியைக் கையில் எடுக்கும் முன்பே மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொண்டோம். தனியாகத் தூக்க வேண்டிய எந்தக் குழாயும் 8 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டுவதற்கு ஸ்பேனர் தேவைப்படக் கூடாது. எந்தக் குழாய் எங்கே போகும் என்பது ஒரே ஒருவரின் நினைவை நம்பி இருக்கக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனை வந்ததற்குக் காரணம், முன்பு கட்டும் முறை முழுவதையும் அறிந்திருந்த ஒரே பெரியவர் காலமான பிறகு, குழாய்களைப் பரப்பிவைத்துக்கொண்டு எது முகட்டுக் கம்பு, எது ஓரக் கம்பு என்று விடியும்வரை தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு. அன்றைய துக்க வீட்டார் முகத்தை மறக்க முடியவில்லை.

முதல் வேலையாக எல்லாவற்றையும் கோவில் முற்றத்துக்கு இழுத்து வந்து பரப்பினோம். நீளம் அளக்க அளவு நாடாவும், எடை பார்க்கப் பழைய இரும்புக் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசும், துரு பார்க்கச் சிறு சுத்தியலும் போதுமாக இருந்தன. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும் குழாய், துரு தின்ற இடத்தில் மழுங்கிய ஒலி தரும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் சில குழாய்களில் அது உள்ளேயே போய்விட்டது. துரு எல்லாக் குழாய்களிலும் முனைகளில்தான் இருந்தது. போல்ட்டுத் துளை வழியாக மழைநீர் உள்ளே போயிருக்கிறது. குழாய்களை ஈரத்தரையில் செங்குத்தாகச் சாத்தி வைத்ததால் அந்த நீர் அடிமுனையில் தங்கியிருக்கிறது. கால்கள் ஆறும் அடியில் பல்லிளித்துவிட்டன. கூரைச் சாய்வுக் கம்புகள் வளைந்திருந்தன. ஆனால் முகட்டுக்கும் ஓரங்களுக்கும் குறுக்கே பிடிப்பதற்கும் உரிய ஆறு நீளக் குழாய்களில், ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் நடுப்பகுதியில் உறுதியாக இருந்தன. அவை ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள், சுவர்த் தடிப்பு 2.3 மில்லிமீட்டர், நீளம் 20 அடி, எடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 கிலோ. பதினாறு கிலோவை ஈர இரவில் எட்டடி உயரத்துக்குத் தூக்கிப் பொருத்துவது அறுபது வயதுக்காரர் செய்யக்கூடிய வேலையன்று.

பணத்தைப் பற்றிப் பேசியது வேலையைப் பற்றிப் பேசியதைவிட நீண்டது. புதிய கூடாரத்துக்குக் கேட்ட விலை 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) குறையவில்லை. அரசியல்வாதி ஒருவரிடம் மனு கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதில் தவறில்லை, ஆனால் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், கிடைத்தது பழுதானால் மறுபடியும் போய் நிற்க வேண்டும். அப்போது கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், தம் கணவர் மாதம் பத்து வெள்ளி கட்டிய கதையை எடுத்தார். 1960இல், தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். “அன்றைய பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கினோம், இன்று ஐந்து வெள்ளியில் ஒரு கெமா (கூடாரம்) வாங்க முடியாதா?” என்று பாட்டி கேட்டதற்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை. விருப்பமுள்ள வீடுகள் மாதம் ஐந்து வெள்ளி தருவது என்று முடிவாயிற்று. கொடுத்தவர் பெயரையோ கொடுக்காதவர் பெயரையோ எங்கும் எழுதி ஒட்டுவதில்லை என்றும், துக்க வீட்டுக்குக் கூடாரம் போகும்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை என்றும் அப்போதே சேர்த்து முடிவு செய்தோம். இந்த இரண்டாவது தீர்மானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வேலை முழுவதிலும் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புதுக் குழாய் வாங்கப் பட்டணத்து இரும்புக் கடைக்குப் போனபோது, கடைத் தவுக்கே (சீன முதலாளி) எதற்கு என்று விசாரித்தார். அவருடைய தகப்பனார் இறந்தபோது தோட்டத்து ஆட்கள் பெஞ்சு தூக்கி வந்து போட்டதை அவர் மறந்திருக்கவில்லை. ஒன்றரை அங்குலக் குழாயில் 1.6 மில்லிமீட்டர் தடிப்பு உள்ளதைக் கொள்முதல் விலைக்கே, ஆறு மீட்டர் நீளம் ஒன்று 52 வெள்ளி வீதம், பாதிப் பணம் பிறகு என்ற பேச்சில் கொடுத்தார். தடிப்புக் குறைந்த குழாயைத் தேர்ந்தது விலைக்காக மட்டுமன்று. 2.3 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 2.6 கிலோ வரும், 1.6 மில்லிமீட்டர் குழாய் 1.84 கிலோதான்.

வெட்டு அளவைத் தாளில் போட்டுப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தானாகவே கிடைத்தது. ஆறு மீட்டர்க் குழாய் ஒன்றிலிருந்து 3.2 மீட்டரில் ஒரு சாய்வுக் கம்பும் 2.4 மீட்டரில் ஒரு காலும் வெட்டினால் 40 சென்டிமீட்டர் துண்டுதான் மிஞ்சும். கால் ஆறு, சாய்வுக் கம்பு ஆறு. ஆக ஆறு குழாய்கள். சாய்வுக் கம்பின் எடை 5.9 கிலோ, கால் 4.4 கிலோ. பழைய நீளக் குழாய்களின் துருப்பிடித்த முனைகளை இருபுறமும் 5 சென்டிமீட்டர் வீதம் அறுத்துத் தள்ளிவிட்டு, மிஞ்சியதை நடுவில் இரண்டாக்கினால் மூன்று மீட்டர்த் துண்டுகள் கிடைத்தன, ஒவ்வொன்றும் 7.8 கிலோ. கெட்டுப்போன அந்த ஒரு நீளக் குழாய்க்குப் பதிலாக ஏழாவதாக ஒரு புதுக் குழாய் வாங்கினோம். கூடாரம் இருபது அடிக்குப் பதிலாக ஆறு மீட்டர்ச் சதுரமாயிற்று. பக்கத்துக்கு மூன்று மீட்டர் அகலத்தில் 3.2 மீட்டர்க் கம்பு சாய்ந்தால், முகடு ஓரத்தைவிட ஏறக்குறைய 1.1 மீட்டர் உயர்ந்து நிற்கும். பழைய கூடாரத்தில் அது மூன்றடிதான். மழைநீர் துணியின் நடுவில் குளமாகத் தேங்கியதற்கு அந்தத் தாழ்வும் ஒரு காரணம். பழைய துணியின் சாய்வு நீளம் இரண்டு பக்கமும் சேர்த்து 6.35 மீட்டர், புதிய சட்டகத்துக்குத் தேவை 6.4 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர்க் குறையை ஓரக் கயிறுகள் ஏற்றுக்கொண்டன.

இணைப்புகளில்தான் உழைப்பின் பெரும்பகுதி போயிற்று. பழைய கூடாரத்தில் இரண்டு அங்குலக் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து, கம்புகளை அவற்றின் உள்ளே நுழைத்திருந்தார்கள். இரண்டு அங்குலக் குழாயின் உள்விட்டத்துக்கும் ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டத்துக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால், எவ்வளவு போல்ட்டு முறுக்கினாலும் சட்டகம் ஆடிக்கொண்டே இருக்கும். மேலும், மேல்நோக்கித் திறந்த வாயில் மழைநீர் இறங்கும். பட்டறை அண்ணன் (தோட்டத்துப் பட்டறையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த வேலைக்குத் தம் வெல்டிங் பெட்டியோடு வந்தவர்) முறையை அப்படியே திருப்பிப் போடச் சொன்னார். ஒன்றேகால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 42.4 மில்லிமீட்டர். அது புதுக் குழாயின் உள்ளேயும் போகும், தடிப்பு மிகுந்த பழைய குழாயின் உள்ளேயும் போகும், முன்னதில் 2.7 மில்லிமீட்டரும் பின்னதில் 1.3 மில்லிமீட்டரும் இடைவெளி விடும். ஆகவே மூலைகளில் ஒன்றேகால் அங்குலக் குழாயாலான கைகளைப் பற்றவைத்து, கம்புகளை அவற்றின்மேல் உறைபோல் மாட்டுவது என்று முடிவாயிற்று.

மாதிரிக்கு ஒரு மூலையைச் செய்து பார்த்தோம். கை நீளத்தை மூன்று அங்குலமாக வைத்தபோது மாட்டுவது எளிதாக இருந்தாலும், மறுமுனையைப் பிடித்து அசைத்தால் ஒரு சாண் ஆடியது. 15 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி வைத்தபோது ஆட்டம் நின்றது. அதற்கு மேல் நீட்டினால் இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் மாட்டும்போது சிக்கிக்கொள்கிறது. எனவே, மூலையின் நடுவில் பற்றவைப்பதற்கு 5 சென்டிமீட்டர், உள்ளே போக 15 சென்டிமீட்டர் என்று ஒவ்வொரு கையும் 20 சென்டிமீட்டர். மொத்தம் 42 கைகள். இரண்டு குழாய் நீளம் வாங்கினால் போதும். பழைய குழாய்களில் இன்னொரு தடை வந்தது. அவற்றின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் பற்றுத் தழும்பு கையை உள்ளே விடவில்லை. வட்ட அரத்தால் முனையிலிருந்து ஒரு சாண் ஆழம் வரை தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அலுப்பூட்டும் வேலை அது. மாலை நேரங்களில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலர் வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். குழாய் வாங்கும்போதே ஒன்றை மற்றொன்றுக்குள் விட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

ஜி.ஐ. குழாயைப் பற்றவைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் சூட்டில் வெண்புகையாக எழும். “தம்பி, அந்த வெள்ளைப் புகைக்கு எதிரே நிற்காதே, ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும்” என்று பட்டறை அண்ணன் முதலிலேயே எச்சரித்தார். பற்றவைக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் பூச்சைக் கிரைண்டரால் வழித்து எடுத்து, இரும்பு நிறம் தெரிந்தபின்பே, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று பற்றவைத்தோம். குழாய்ச் சுவர் மெல்லியது என்பதால் 2.6 மில்லிமீட்டர்க் குச்சியில் 60 ஆம்பியரை ஒட்டி வைத்து, ஓர் அங்குலம் பற்றி, நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி ஓர் அங்குலம் பற்றி என்று போக வேண்டும். நிறுத்தாமல் இழுத்தால் துளை விழுந்துவிடும், மூலையும் கோணிக்கொள்ளும். கோணம் பிசகாமல் இருக்க, ஒரு பலகையில் ஆணி அடித்து அச்சு செய்து, ஒரே வகை மூலைகளை எல்லாம் அதில் வைத்தே பற்றவைத்தோம். நான்கு வெளிமூலைகள், இரண்டு நடுக்கால் மூலைகள், மூன்று முகட்டு மூலைகள், குறுக்குக் கம்புகளுக்கு மூன்று நேர் இணைப்புகள். பூச்சு போன இடங்களில் துத்தநாகச் சாயத்தை இரண்டு முறை பூசினோம். இந்தச் சாயத்தை விட்டுவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பழைய கதைதான்.

போல்ட்டை ஒழித்தது நல்ல முடிவு. இருட்டிலும் ஈரத்திலும் நட்டு கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தால் கிடைக்காது. ஒரு நட்டு போனால் மறுமுறை ஒரு மூலை கயிற்றால் கட்டப்படும். பத்து மில்லிமீட்டர்க் கம்பியை வளைத்து ஊசிகள் செய்து, ஒவ்வோர் ஊசியையும் அதற்குரிய கம்பிலேயே சிறு சங்கிலியால் பிணைத்தோம். ஊசி கழன்று தொங்குமே தவிரத் தொலையாது. துளைகளை 11 மில்லிமீட்டராகப் போட்டோம். கம்பையும் கையையும் சேர்த்து வைத்தே துளைத்தால்தான் இரண்டும் நேராக வரும்.

வண்ணம் பூசும் பொறுப்பைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். காலுக்குச் சிவப்பு, சாய்வுக் கம்புக்கு மஞ்சள், முகட்டுக்கு நீலம், ஓரத்துக்குப் பச்சை, குறுக்குக் கம்புக்கு வெள்ளை என்று ஒவ்வொரு கம்பின் முனையிலும் ஒரு பட்டை. மூலையின் கைகளிலும் அதே வண்ணம். சிவப்பைச் சிவப்பில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். தமிழ் தெரியாத இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும்கூட ஒரு விளக்கமும் இன்றிக் கட்டிவிட முடிகிறது. துக்க இரவில் வந்து நிற்கும் கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. மங்கிய தெருவிளக்கில் பச்சைக்கும் நீலத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று ஓர் அக்கா சுட்டிக் காட்டியபின், நீலத்தில் இரண்டு பட்டைகள் போட்டோம்.

துணி விஷயத்தில் நாங்கள் எதுவும் அறியாதவர்களாகவே தொடங்கினோம். அது பி.வி.சி. பூசிய தடித்த துணி. மடிப்புகளில் எலி கடித்த ஓட்டைகள், கண்ணிகளை ஒட்டிய கிழிசல்கள், ஈரத்தோடு மடித்து வைத்ததால் வந்த கரும்புள்ளிகள். ஊசி நூலால் தைத்த ஒட்டு ஒவ்வொரு தையல் துளையிலும் ஒழுகியது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பசையால் ஒட்டியது காய்ந்ததும் விறைத்து, மடித்தபோது உடைந்தது. நீலநிறத் தார்ப்பாய்த் துண்டு இந்தத் துணியோடு எதனாலும் சேரவில்லை. அது வேறு வகைப் பிளாஸ்டிக். கடைசியில், பட்டணத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் துணியைச் சுருட்டிக்கொண்டு போனோம். பாக்சிக் (மலாய்ப் பெரியவரை இப்படித்தான் அழைப்போம்) கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. பட்டறையை மூடியபின் ஒரு மாலை முழுவதும் இருந்து, தம் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியையும் இரும்பு உருளையையும் எங்களிடமே கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்.

அவர் சொல்லித் தந்த முறை இது. ஓட்டையைச் சுற்றி அழுக்குப் போகக் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஒட்டு அதே வகைத் துணியாக, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அதன் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலை முதலில் உரியும். சூட்டுக்காற்றை இரண்டு துணிகளுக்கும் நடுவே செலுத்தி, மேற்பரப்பு பளபளத்து ஒட்டும் பதம் வந்த அந்தக் கணத்தில் உருளையால் அழுத்தி ஓட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டினால் காற்றுக்குமிழி தங்காது. புகைந்தால் சூடு அதிகம். நகத்தால் கிளப்ப முடிந்தால் சூடு குறைவு. துண்டுத் துணியில் பழகிப் பார்த்த பிறகே கூடாரத் துணியில் கைவைக்க விட்டார். ஒட்டுக்குத் தேவையான வெட்டுத் துண்டுகளும் அவர் கடையிலிருந்தே வந்தன.

நங்கூரம் போடுவது தாமானுக்கே உரிய சிக்கல். லயத்து முற்றத்தில் இரும்பு முளையை அடித்தால் போதும். இங்கே கூடாரம் நிற்பது தார்ச்சாலையில். இருபது அடி முகப்புள்ள வீட்டின் முன் கூடாரம் நிற்கும்போது, இரண்டு பக்கத்து வீட்டாரும் தங்கள் வண்டிகளை முன்கூட்டியே எடுத்துவிட்டு வழி விட வேண்டும். இதுவரை ஒரு வீடுகூட முகம் சுளித்ததில்லை. முளைக்குப் பதிலாகச் சிமெண்டுக் கட்டிகள் வார்க்கலாம் என்ற யோசனையை, அவற்றை யார் தூக்குவது என்ற கேள்வியோடு கைவிட்டோம். சாப்பாட்டுக் கடைகளில் கழிக்கப்படும் 25 லிட்டர்ச் சமையல் எண்ணெய்க் கலன்களைக் கழுவி எடுத்துக்கொண்டோம். காலியாகத் தூக்கி வந்து, அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீர் நிரப்பி, காலுக்கு இரண்டு வீதம் கட்டினால் ஒவ்வொரு காலிலும் 50 கிலோ. சாதாரண மழைக்காற்றுக்கு இது போதும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் அடிக்கும் சூறைக்கு இது போதாது. அதற்காக வீட்டு வாசல் தூணுக்கு இரண்டு கயிறுகள் கட்டுகிறோம். காற்று கூரையைத் தூக்கப் பார்த்தால், துணியின் ஒரு பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்துவிடுவது என்ற விதியை எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். துணி படபடக்கட்டும், சட்டகம் பறக்கக் கூடாது.

பாத்திரங்களையும் அடுப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளை அண்டாக்களில் ஈயம் தேய்ந்துவிட்டது. ஈயம் பூசுபவர் எங்கள் வட்டாரத்தில் கிடைக்கவில்லை. ஈயமில்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பதால் அவற்றைத் தண்ணீருக்கு ஒதுக்கி, புளி சேரும் சமையலுக்கு எவர்சில்வர் பானைகளைத் தனியாக வைத்தோம். பெரிய அடுப்பின் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. உயரழுத்த ரெகுலேட்டருக்கு உரிய குழாயை வாங்கிப் பொருத்தி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தோம். பெஞ்சுகளின் ஆடும் கால்களுக்குக் குறுக்குச் சட்டம் அடித்தோம்.

ஆயாக்கொட்டகையில் வைக்கும் முறையையும் மாற்றினோம். குழாய்கள் இப்போது சுவரில் பதித்த தாங்கிகளில் படுத்திருக்கின்றன. துணி, வெயிலில் முழுக்கக் காய்ந்தபின், மூடியுள்ள பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் போகிறது, எலிக்கு வழியில்லை. சாவி மூன்று வீடுகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்று இரவு ஷிப்டுக்காரர் வீடு, எந்த நேரத்திலும் அங்கே யாராவது விழித்திருப்பார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு புத்தகம் தொங்குகிறது. அதில் எடுத்தவர் பெயரைவிட, திருப்பி வைத்தபோது எது உடைந்தது, எது காணோம் என்பதை எழுதும் கட்டமே பெரியது. உடைந்ததை எழுதியவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை என்பதால் எல்லாரும் உண்மையை எழுதுகிறார்கள். கல்யாணம், பிறந்தநாள் போன்ற விசேஷங்களுக்கு இருபது வெள்ளி வாங்கிக்கொள்கிறோம். துக்கத்துக்கும், பதினாறாம் நாள் காரியத்துக்கும் ஒரு காசும் இல்லை.

கூடாரத்துக்கான செலவு: ஒன்றரை அங்குலக் குழாய் ஏழுக்கு 364 வெள்ளி, ஒன்றேகால் அங்குலக் குழாய் இரண்டுக்கு 92, வெல்டிங் குச்சி 28, வெட்டும் தட்டும் தேய்க்கும் தட்டும் 36, துத்தநாகச் சாயம் 58, ஊசிக் கம்பியும் சங்கிலியும் 45, கயிறு 40, வண்ணச் சாயம் 30. ஆக 693 வெள்ளி. வெல்டிங் பெட்டி, சூட்டுக்காற்றுத் துப்பாக்கி, ஒட்டுத் துணி, எண்ணெய்க் கலன்கள், மின்சாரம், எல்லாருடைய உழைப்பு ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. வேலை நடந்த மாலைகளில் தேநீரும் மீ கோரேங்கும் வீட்டுக்கு வீடு முறை வைத்து வந்தன, அவற்றுக்கும் கணக்கில்லை.

முதல் பயன்பாட்டில் தெரிந்த குறைகள் சில. நடுக் குறுக்குக் கம்பு எட்டடி உயரத்தில் இருப்பதால் பாடை வெளியே வரும்போது நெருக்கமாக இருந்தது. அடுத்த முறை கால்களை 2.6 மீட்டராக வெட்ட வேண்டும். ஒரு குழாயில் 3.2 மீட்டரும் 2.6 மீட்டரும் போனால் இன்னும் 20 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது, எனவே கூடுதல் செலவில்லை. கால்களின் அடியில் பத்து சென்டிமீட்டர்ச் சதுரத் தகடு பற்றவைத்திருந்தால் மென்தரையில் இறங்காது. அதை இப்போது செய்துகொண்டிருக்கிறோம். பழைய குழாய்களை மிச்சப்படுத்தியது சிக்கனந்தான் என்றாலும், 7.8 கிலோக் கம்பைத் தலைக்கு மேல் பிடித்திருக்கும்போது வயதானவர்களின் கை நடுங்குவதைப் பார்த்தேன். அவற்றையும் படிப்படியாக 1.6 மில்லிமீட்டர்க் குழாயாக மாற்ற மாதச் சந்தா போதும். கம்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 2.3 கிலோ குறையும். விளக்குக்காக இழுக்கும் மின்கம்பிக்குக் கசிவு கண்டு தானே துண்டிக்கும் கருவி இன்னும் வாங்கவில்லை. இரும்புச் சட்டகம், மழை, தண்ணீர் நிறைந்த தரை என்ற மூன்றும் சேரும் இடத்தில் அது இல்லாமல் இன்னொரு முறை விளக்குப் போட எனக்குச் சம்மதமில்லை. அடுத்த சந்தாப் பணம் அதற்குத்தான்.

பக்கத்துத் தோட்டத்தார் தங்கள் கூடாரத்தையும் இவ்வாறு மாற்ற வேண்டும் என்று வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். வெட்டு அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம், கால் நீளத்தை 2.6 என்று திருத்தியே. மூலைகளின் கோணத்துக்காகச் செய்த ஆணிப் பலகைகளும் இப்போது அவர்களிடம்தான் இருக்கின்றன. பட்டறை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போகிறார். குழாயையும் குச்சியையும் அவர்கள் வாங்கி வைத்தால் போதும், வெல்டிங் பெட்டி இங்கிருந்து வரும்.